விர்க் குலத்தார் பெயர் சொல்லும் வீடு

தோற்றமும் இறுதியும் தனக்கென ஒன்றின்றி, தோன்றிய உயிர்க்கெல்லாம் தாயும் தந்தையுமாய் நிற்கும் பெருமானே, முன்னோரைத் தேடிப் புறப்பட்ட கிழவர் இருவரின் செய்தியை எழுதப் புகும் இக்கைக்குத் துணை நிற்பாயாக. எழுதத் தொடங்கும் இன்று தைப்பூசம். பூச நாளும் நிறைமதியும் கூடிய நன்னாள். மெல்போர்னின் மேற்கே பொயிண்ட் குக்கில் என் மகள் வீட்டு மாடியறையில் அமர்ந்திருக்கிறேன். வெளியே வெயில் நாற்பது பாகையைத் தொடுகிறது. தை மாதத்தில் இப்படி வேர்ப்பது என் உடம்புக்கு இன்னும் பழகவில்லை.

இந்தப் பயணத்துக்கு வித்திட்டது தை அமாவாசை. காவிரித் துறையில் செய்ய வேண்டிய கடனை இந்த ஆண்டு இவ்வூர்க் கடற்கரையில் செய்தேன். "அப்பா, சீக்கிரம் முடிங்க, ஒன் அவர் பார்க்கிங்தான்" என்று மகள் காரிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தாள். இரண்டு வீடு தள்ளிக் குடியிருக்கும் குர்பச்சன் சிங் விர்க், காற்று வாங்கவென்று எங்களோடு வந்திருந்தார். எண்பத்துநான்கு வயதுச் சீக்கியர். காலை நடையில் என் தோழர். இரயில்வேயில் அம்பாலாவில் நெடுங்காலம் பணிசெய்தவன் ஆதலால் அவருடைய பஞ்சாபி எனக்கு விளங்கும். என் இந்தியை அவர் பொறுத்துக்கொள்வார். எங்கள் பேச்சை இங்கே தமிழில் தருகிறேன்.

நான் எள்ளும் நீரும் இறைப்பதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"யாருக்கு இந்தத் தண்ணி, மதராஸி?"

"அப்பா, தாத்தா, தாத்தாவோட அப்பா. மூணு தலைமுறை."

"அதுக்கு மேல?"

"அதுக்கு மேல பேர் தெரியாது. பேர் தெரியாதவங்களுக்கும் சேர்த்து ஒரு கை இறைச்சாச்சு."

கடலின் பக்கம் திரும்பினார். பிறகு சொன்னார்: "எனக்கு ஆறு பேர் தெரியும். மிச்சப் பேரெல்லாம் ஒரு வீட்டுல இருக்கு. அந்த வீடு இப்போ சிட்னியில இருக்கு. என்கூட வர்றியா?"

வருகிறேன் என்றேன். ஏன் அவ்வளவு விரைவில் இசைந்தேன் என்பது இன்றும் எனக்குத் தெளிவாகத் தெரியவில்லை. மனைவி போன பிறகு யாரும் என்னை எங்கும் அழைக்கவில்லை என்பது ஒரு காரணமாக இருக்கலாம்.

விமானத்தில் போனால் ஒன்றரை மணி நேரம். ஆனால் குர்பச்சன் சிங் அமுதம் பெற்ற, அதாவது தீட்சை ஏற்ற சீக்கியர். இடையில் கிர்பான் என்னும் சிறுவாள் எப்போதும் இருக்கும். அதைக் கழற்றிப் பெட்டியில் போட்டுத்தான் விமானம் ஏற வேண்டும் என்றால் விமானமே வேண்டாம் என்பார். ஆகவே பகல் முழுதும் ஓடும் இரயில். இரயில்காரனாகிய எனக்கு அதில் மகிழ்ச்சிதான். ஆனால் நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்தால், பாதையில் பராமரிப்பு வேலை நடப்பதால் அல்பரி வரை பேருந்து, அங்கிருந்துதான் இரயில் என்றார்கள். அம்பாலாவில் எத்தனையோ வண்டிகளை இப்படி நிறுத்திவிட்டுப் பயணிகளின் வசவைக் கேட்டவன் நான். அன்று வரிசையில் நின்று வைய முடியாமல் வாயை மூடிக்கொண்டேன்.

பேருந்தில் என் புளியோதரையும் அவருடைய முள்ளங்கிப் பராத்தாவும் இடம் மாறின. காய்ந்த புல்வெளிகள் பொன்னிறமாக ஓடிக்கொண்டிருந்தன. சாளரத்தை நோக்கியபடியே தம் குலத்தின் வரலாற்றைச் சொன்னார்.

விர்க்குகள் பஞ்சாபின் ஜாட் குலங்களுள் ஒன்று. ஜம்மு மலைச்சாரலில் மன்ஹாஸ் ராஜபுத்திரர் வழியில் வந்த விரக் என்பவர் சமவெளிக்கு இறங்கி, ராவி ஆற்றுக்கும் செனாப் ஆற்றுக்கும் இடையே கலப்பை பிடித்தாராம்; அவர் பெயரே குலப்பெயராயிற்று. வேறு விதமாகச் சொல்வாரும் உளர். அவர் சொன்னதை நான் சொல்கிறேன். அவர்கள் குதிரை வளர்த்தார்கள், குருமார்களின் பின்னே சென்றார்கள், சிறு படைகளில் சேர்ந்து பேரரசுகளை எதிர்த்தார்கள்.

"எல்லாம் வீரம்தானா, சர்தார்ஜி?"

"யாருக்குத் தெரியும்? வாள் பிடிச்ச கையாலேயே பக்கத்து ஊர் எருமையையும் பிடிச்சிருப்பாங்க. பாட்டுல எருமை வராது, வாள்தான் வரும்."

அந்தப் பாட்டைக் காத்தவர்கள் மிராசிகள். நம் தஞ்சைப் பக்கத்து மிராசுதாரோடு இவர்களைக் குழப்பிக்கொள்ள வேண்டா. இவர்களிடம் நிலம் இல்லை, பெயர்கள் உண்டு. ஒவ்வொரு குலத்துக்கும் ஒரு மிராசிக் குடும்பம், பெரும்பாலும் முஸ்லிம்கள். ஆண் பிள்ளை பிறந்தாலும் திருமணம் நடந்தாலும் வாசலில் வந்து நின்று முதல் மூதாதை தொட்டு அன்றைய பிள்ளை வரை பெயர்வரிசையைப் பாடுவார்கள். நம் பழம்பாணர்களை நினைத்துக்கொண்டால் விளங்கும்.

நாடு பிரிந்தபோது குர்பச்சன் சிங்குக்கு ஆறு வயது. விர்க்குகள் இன்று பாகிஸ்தானில் இருக்கும் ஷேகுபுராப் பக்கத்து ஊர்களை விட்டு இந்தியாவின் கர்னாலுக்கு வந்தார்கள். மிராசிகள் முஸ்லிம்கள் ஆதலால் அங்கேயே இருந்துவிட்டார்கள். குலம் ஒரு நாட்டிலும் அதன் பெயர்வரிசை இன்னொரு நாட்டிலுமாக நின்றுபோயின. அதன்பின் அவர் வீட்டில் எத்தனையோ பிள்ளைகள் பிறந்தார்கள். ஒருவருக்கும் பெயர்வரிசை பாடப்படவில்லை. சென்ற கார்த்திகையில் மெல்போர்னில் ஒரு கொள்ளுப்பேரன் பிறந்திருக்கிறான்.

"அவன் காதுல சொல்ல ஆறு பேரோட நிக்கறேன், மதராஸி. ஆறு பேர் ஒரு வம்சமா? ஒரு கிரிக்கெட் டீம்கூட ஆகாது. மிச்சத்தைக் கேட்காம நான் செத்துட்டா, அந்த ஆறுதான் முடிவு."

அவருடைய பேத்தி இணையத்தில் எங்கெங்கோ விசாரித்து, அவ்வூர் மிராசியின் பேரர் அஸ்லம் குரேஷி சிட்னியின் வெஸ்ட்மீடில் இருப்பதைக் கண்டுபிடித்திருந்தாள். மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கும் பணி. குர்பச்சன் சிங் தொலைபேசியில், "உன் ஊரில் பிறந்தவன், உன்னைப் பார்க்க வருகிறேன்" என்று மட்டும் சொன்னார். காரணம் சொல்லவில்லை. பெயர் கேட்கப் போகிறவர், பாடுபவருக்குப் பரிசாகத் தரும் தலைப்பாகைத் துணியோடு நேரில் போக வேண்டும். வாயால் சொல்லி அனுப்புவது மரபன்று என்றார். அதுவே பிழையாகப் போகும் என்று அப்போது எங்களுக்குத் தெரியாது.

அல்பரியில் இரயிலேறி அமர்ந்த பிறகுதான் நினைவு வந்தது: அந்தத் துணி இருந்த பை பேருந்தின் வயிற்றிலேயே கிடக்கிறது. குர்பச்சன் சிங் எழப் பார்த்தார், முழங்கால் விடவில்லை. எதிர் இருக்கையில் இருந்த பெண் ஒருவர், "இருங்கோ அங்கிள், நான் எடுத்துக்கொண்டு வாறன்" என்று ஓடினார். வண்டி புறப்பட ஒரு நிமிடம் இருக்கும்போது பையோடு மூச்சிரைக்க வந்தார். பெயர் சுகந்தி. வன்னியிலிருந்து படகில் வந்தவர். முதியோர் இல்லமொன்றில் வேலை. இன்னும் தற்காலிக விசாதான். எங்கள் பயணத்தின் காரணத்தைக் கேட்டுச் சிரித்தார்.

"பேர் கேக்கவோ இவ்வளவு தூரம்? என்னை இன்ரவியூவிலை அப்பாவின்ரை அப்பா ஆர், அவற்றை தகப்பன் ஆர் எண்டு துருவித் துருவிக் கேட்டவை. ஒரு பேர் தடுமாறினாப் போதும், பொய் எண்டு எழுதிப்போடுவினம் எண்ட பயத்திலை ராத்திரி முழுக்கப் பாடமாக்கினனான்."

இதை நான் மொழிபெயர்த்துச் சொன்னதும் குர்பச்சன் சிங் கைகூப்பினார். "இந்தப் பொண்ணும் ஒரு மிராசிதான்" என்றார். அவர் வாயில் அந்தச் சொல் அத்தனை மதிப்போடு வந்தது.

சிட்னியின் ஹோம்புஷில் என் மருமகனின் நண்பர் ஊருக்குப் போயிருந்ததால் அவருடைய அடுக்ககத்தில் தங்கினோம். மறுநாள் காலை, கீழே இருந்த நம்மவர் உணவகத்தில் பொங்கலும் தோசையும். குர்பச்சன் சிங் சாம்பாரைக் கரண்டியால் கலக்கிப் பார்த்து, "பருப்புல இவ்வளவு தண்ணியா? உங்க ஊர்ல பஞ்சமா?" என்றார். பக்கத்து மேசை மாணவர்கள் சிரித்தார்கள். மூன்று கிண்ணம் குடித்தார்.

வெஸ்ட்மீடில் அஸ்லம் வீட்டு வாசலில் இரண்டு கார்கள் நின்றன. ஐம்பது வயதிருக்கும் அவருக்கு, முகமெல்லாம் சிரிப்பு. குர்பச்சன் சிங்கின் இரு கைகளையும் பற்றி உள்ளே அழைத்துப் போனார். உள்ளே வேறொரு குடும்பம் அமர்ந்திருந்தது. அவருடைய மகளைத் தம் மகனுக்குக் கேட்டு வந்தவர்கள். நல்ல மரபினர் என்று பார்த்தவுடனே தெரியும் உடையும் நடையும். "எங்க ஊர் மண்ணுல பிறந்த பெரியவர்! இன்னிக்கே வந்தது எங்க பாக்கியம்" என்று அஸ்லம் அவர்களுக்கு அறிமுகம் செய்தார். அந்தப் பெருமிதம் உண்மையானது.

குர்பச்சன் சிங்குக்கு வேறெதுவும் தெரியவில்லை. பையைத் திறந்தார். வெளிர்சிவப்புத் தலைப்பாகைத் துணியை இரு கைகளிலும் ஏந்தினார். கண் நிறைந்திருந்தது.

"மகனே, விர்க்குகளோட நாக்கு உங்க வீடு. எங்க பேரெல்லாம் உங்ககிட்டத்தான் இருக்கு. எங்க அப்பன் பாட்டன் பேரைச் சொல்லு, கேட்க வந்திருக்கேன்."

பையனின் தந்தை தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். "பேர் சொல்ற வீடா?" என்றார் மெதுவாக. "மிராசியா?"

அந்த ஒரு சொல்லில் அறை குளிர்ந்துவிட்டது. அஸ்லம் கையிலிருந்த தட்டை மேசைமேல் வைத்தார். அவர் மனைவி தரையைப் பார்த்தார். எனக்கு அப்போதுதான் புரிந்தது. குர்பச்சன் சிங் ஆறு வயதில் விட்டு வந்த சொல் அங்கே இத்தனை காலத்தில் வசவாகியிருக்கிறது. பாடிப் பிழைப்பவன், வாசலில் நிற்பவன், கீழ்மகன் என்றாகிவிட்டது. மேலே வந்தவர்கள் வேறு பெயர் வைத்துக்கொண்டு அந்தச் சொல்லைப் புதைத்துவிடுகிறார்கள். நம் நாட்டிலும் எத்தனை குலப்பெயர்களை நாம் வசவாக்கியிருக்கிறோம்! அதை அவருக்கு முன்பே சொல்லியிருக்க வேண்டியவன் நான். எனக்கும் தோன்றவில்லை.

குர்பச்சன் சிங் அஸ்லத்தின் முகத்தைப் பார்த்தார். ஒரு மூச்சு நேரம்தான். பிறகு உரக்கச் சிரித்தார்.

"அட, உன் தாத்தா கரம்தீன் பட்வாரி இல்லையா?"

பதிலுக்குக் காத்திராமல் என் பக்கம் திரும்பினார்.

"மதராஸி, பார்த்தியா என் மூளையை! பட்வாரி வீட்டுப் பிள்ளைகிட்ட வந்து பாட்டுக் கேக்கறேன். நான் தேடற ஆள் வேற அஸ்லம், நம்பர் மாறிப்போச்சு. மன்னிச்சுக்கோ மகனே. உன் தாத்தா எங்க ஊர் நிலமெல்லாம் அளந்தவர். அவர் நாற்காலி போட்டு உட்கார்ந்தா எங்க அப்பாவே நிப்பார்."

பட்வாரி என்பவர் நம் கர்ணம் போன்ற ஊர்க் கணக்கர், மதிப்புடைய உத்தியோகம். "பட்வாரி வீடா! சொல்லவே இல்லையே" என்று பையனின் தந்தை முகம் மலர்ந்தார். குர்பச்சன் சிங் துணியை மடித்துப் பைக்குள் வைத்தார். ஒரு வாய் தேநீர் குடித்தார். நாளைக் காலை வண்டியில் ஊர் திரும்புகிறோம் என்று சொல்லிக் கைகூப்பி விடைபெற்றார்.

திரும்பும் இரயிலில் அவர் பையை மடியில் வைத்து அமர்ந்திருந்தார். தம் முன்னோரைக் கேட்கப் போனவர் இன்னொருவனுக்கு முன்னோரைப் படைத்துக் கொடுத்துவிட்டு வருகிறார். ஹோம்புஷ் வந்ததும் படியிறங்க என் தோளைப் பிடித்தபடி, "ஆறு பேர் போதும்" என்றார். பிறகு, "அமுதம் எடுத்தவன் பொய் சொல்லக் கூடாது. ஊர் போனதும் குருத்துவாரா போகணும்" என்றார். அந்த மாலை நான் பதிகம் பாடி முடித்தபோது அவர் நாற்காலியில் சுவரைப் பார்த்து அமர்ந்திருந்தார். 

மறுநாள் காலை சென்ட்ரல் நிலையத்துக்கு முன்னதாகவே போய்விட்டோம். வண்டிக்கு முக்கால் மணி நேரம் இருந்தது. நடைமேடையின் கோடியில் ஒரு விசுப்பலகை. அங்கே மருத்துவமனைச் சீருடையோடு அஸ்லம் நின்றுகொண்டிருந்தார்.

"பாபாஜி, எனக்காகப் பொய் சொன்னீங்க."

"பாவம் என்னோடது. நீ எதுக்கு வந்தே?"

"கரம்தீன்னு ஒரு பட்வாரி நிஜமா இருந்தாரா?"

"இருந்தார். பெரிய திருடன். எங்க நிலத்துல நாலு ஏக்கரைத் தின்னுட்டார்."

அஸ்லம் சிரித்துவிட்டார், சிரித்தபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நேத்து எங்க வீட்டுல சம்பந்தம் முடிவாச்சு. அந்தத் திருடன் பேரால" என்றார். "உட்காருங்க. பேர் சொல்ல வந்திருக்கேன்."

குர்பச்சன் சிங் பையைத் தொட்டார். அஸ்லம் தலையசைத்தார். "துணி வேண்டாம் பாபாஜி. அதை வாங்கிட்டா, எங்க அப்பா எந்த வாசலை விட்டு வெளியேறினாரோ அங்கேயே நான் போய் நிக்கற மாதிரி." குர்பச்சன் சிங் கையை எடுத்துவிட்டார்.

கைப்பேசியில் பதிவு செய்யலாமா என்று கேட்டேன். "வேண்டாம் அங்கிள், என் குரல் யார் யார் காதுக்கோ போய்ப் பரவிடும்" என்றார். எழுதிக்கொள்ளவா? "எங்க வீட்டுல எழுதற வழக்கமில்லை. காதால வாங்கணும்." அப்போது குர்பச்சன் சிங் என்னைப் பார்த்தார். "நீ தினமும் காலையில புத்தகமில்லாம பாடிக்கிட்டே நடப்பியே. வாங்கிக்கறியா?" என்றார்.

இளமையில் ஓதுவாரிடம் அடி அடியாகச் செவிவழிக் கற்றவன் நான். இறைவன் பெயர்களைச் சுமக்கவே அந்தப் பயிற்சி என்று எண்ணியிருந்தேன். கண்ணை மூடிக்கொண்டேன்.

அஸ்லம் இடக்கையைச் செவியருகே வைத்தார். தணிந்த குரல், ஆனால் உள்ளே ஒரு பெரிய குரல் மடங்கியிருப்பது தெரிந்தது. விரக் என்று தொடங்கினார். விரக்கின் மகன் இன்னார், அவர் குதிரை இன்ன நிறம். அவர் மகன் இன்னார், இன்ன ஆற்றங்கரையில் வீழ்ந்தார். அவர் மகன் இன்னார், பஞ்சத்தில் களஞ்சியம் திறந்தார். பெயர்களை இங்கே எழுத மாட்டேன். அவை அந்த வீட்டுப் பிள்ளைகளின் செவிக்கு உரியவை. பயணப்பெட்டிகள் உருண்டு போயின. பதினேழாம் பெயரில் அவர் நின்றார்.

"அப்புறம்?" என்றார் குர்பச்சன் சிங்.

"இவ்வளவுதான் பாபாஜி. எனக்குப் பன்னிரண்டு வயசு. அப்பா ஒரு நாள் நிறுத்திட்டார். இங்கிலீஷ் ஸ்கூல்ல சேர்த்தார். இனிமே நீ யார் பேரையும் பாட வேண்டாம்னார். மிச்சம் அவரோட போயிடுச்சு."

குர்பச்சன் சிங் தம் ஆறு பெயர்களை மேல்நோக்கிச் சொன்னார். ஆறாமவர் அந்தப் பதினேழாமவரின் மகனா? இடையில் ஒருவர் விட்டுப்போனாரா, பத்துப் பேர் விட்டுப்போனார்களா? இருவருக்கும் தெரியவில்லை. இந்த உலகத்தில் வேறு எவருக்கும் தெரியாது. குர்பச்சன் சிங் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

சற்றுப் பொறுத்து அவரே கேட்டார்: "சரி, உன் வரிசையைச் சொல்லு."

"என் வரிசையா?"

"எங்க பேரைப் பதினேழு சொன்னியே. உன் அப்பன் பாட்டன் பேர்?"

அஸ்லம் விரலை மடக்கினார். தாம், தந்தை, தந்தையின் தந்தை ரஹ்மத். மூன்றாம் விரலோடு கை நின்றது. "எங்களுக்கு யாரும் பாடினதில்லையே பாபாஜி" என்றார்.

"ரஹ்மத் சாச்சா எங்களுக்குச் சித்தப்பா மாதிரி, அவர் தோள்ல ஏறி உட்கார்ந்துதான் நான் பாட்டே கேட்டேன்" என்றார் குர்பச்சன் சிங். "ஒவ்வொரு தடவை முடிக்கும்போதும் கடைசியில ஒரு வரி சொல்வார். 'பாடியவன் ரஹ்மத், இமாம் பக்ஷின் மகன்.' எங்க பேரெல்லாம் மறந்துபோச்சு. அந்த வரி மறக்கல. அவர் குரல் என் வயித்துல அதிரும், அதனாலயோ என்னவோ."

"இமாம் பக்ஷ்" என்றார் அஸ்லம். இன்னொரு முறை சொன்னார். நான்காம் விரலை மடக்கினார்.

வண்டி வந்தது. முதல் குருவின் பக்கத்தில் அமர்ந்து ரபாப் என்னும் நரம்புக் கருவியை மீட்டியவரும் உன் குலத்தவர்தான் என்று குர்பச்சன் சிங் ஏறும்போது சொன்னார். எங்கள் நாட்டிலும் யாழ் ஏந்திய பாணருக்கு அடியார்களின் நடுவே இடமுண்டு என்றேன் நான். அஸ்லம் இரண்டையும் கேட்டுத் தலையாட்டினார். பணிக்கு நேரமாகிறது என்று ஓடினார்.

பகல் முழுதும் வண்டியில் அவருக்குப் பெயர்களைப் பாடம் சொன்னேன். கோல்பர்ன் வரைக்கும் நான்காமவரை மறந்துகொண்டே இருந்தார். "தமிழன் வாயில எங்க தாத்தனெல்லாம் தாளத்தோட வர்றாங்க" என்று ஏசினார். வாகா வாகா தாண்டும்போது பதினேழும் வந்துவிட்டன.

மூன்றாம் நாள் நான் அவர் வீட்டுக்குப் போனேன். பேத்தி தன் அண்ணன் குழந்தையை மடியில் வைத்திருந்தாள். குர்பச்சன் சிங் குனிந்து அதன் செவியில் விரக் என்று தொடங்கினார். பதினேழு பெயர்கள். அதன்பின் நிறுத்தினார். எத்தனை பேர் அங்கே விட்டுப்போயிருப்பார்களோ அத்தனை பேருக்கும் ஆகட்டும் என்பதுபோல் நீண்ட நேரம் வாய் திறக்காமல் இருந்தார். குழந்தை அவர் தாடியைப் பிடித்து இழுத்தது. பிறகு ஆறு பெயர்கள். தம் பெயர், மகன் பெயர், பேரன் பெயர், பிள்ளையின் பெயர். முடிந்தது என்று நினைத்தேன். அவர் நிமிரவில்லை. "பாடியவன் அஸ்லம்" என்றார். அஸ்லத்தின் தந்தை பெயரைச் சொன்னார். "ரஹ்மத்தின் பேரன், இமாம் பக்ஷின் கொள்ளுப்பேரன்" என்று முடித்தார்.

இதை வாசிக்கும் அனைவரும் நலம் பெறுக. உங்கள் முன்னோர் பெயர்கள் உங்கள் நாவிலும், உங்கள் பெயர்கள் உங்கள் பிள்ளைகள் நாவிலும் தங்குக. விட்டுப்போன பெயர்களை எம்பெருமான் தன் திருவுள்ளத்தில் வைத்துக் காப்பானாக. பிறர் குலம் பாடித் தம் குலம் பாடப்பெறாதோர் எங்கிருந்தாலும், அவர் பெயரைக் கேட்க ஒருவர் தேடி வருவாராக.